வெற்றி தோல்விக் கணக்கும் ஒரு பயிற்றுநரின் வாழ்வும்

யாழ்ப்பாணத்தில் கல்லூரி என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. இந்தியாவில் அச்சொல் பட்டப்படிப்புக்குரிய நிறுவனத்தைக் குறிக்க, இங்கே அது ஊர்ப் பாடசாலையையே குறிக்கின்றது. சண்டிலிப்பாய் இந்துக் கல்லூரி, தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி, யாழ்ப்பாணம் ஒஸ்மானியாக் கல்லூரி ஆகிய யாவும் பாடசாலைகளே. ஆகவே நமது மண்ணில் கல்லூரி உதைபந்தாட்டப் பயிற்றுநர் எனப்படுபவர் பெரும்பாலும் அப்பாடசாலையின் ஆசிரியராகவோ பழைய மாணவராகவோதான் இருப்பார். காலையில் வகுப்பறையில் பாடம் நடத்திவிட்டு, மாலையில் விசிலுடன் மைதானத்தில் நிற்பவர் அவர்.

சண்டிலிப்பாய்க் கோட்டத்துப் பாடசாலைகள் வலிகாமம் கல்வி வலயத்தைச் சேர்ந்தவை. இவ்வலயத்தின் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் புதிதன்று. பெண்கள் உதைபந்தாட்டத்தில் மகாஜனக் கல்லூரியும் பண்டத்தரிப்பு மகளிர் உயர்தரப் பாடசாலையும் நாடறிந்த பெயர்களாகிவிட்டன. வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று ஆண்டுதோறும் போட்டிகள் நடைபெறுகின்றன. வென்ற ஆண்டில் மாலையும் ஊர்வலமும் உண்டு. தோற்ற ஆண்டிலோ பயிற்றுநரின் திறமை பற்றிய பேச்சு மைதானத்தின் ஓரத்திலேயே தொடங்கிவிடுகின்றது. ஒரு பருவத்தின் பெறுபேற்றைக் கொண்டு ஒரு மனிதரின் முழு உழைப்பையும் நிறுத்துப் பார்க்கும் இவ்வழக்கம் சரியானதா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவுக்கு விடை காண, பல பருவங்களின் பெறுபேறுகள் தெளிவாகப் பதிவாகியுள்ள ஒரு பயிற்றுநரின் வரலாறு நமக்குத் தேவைப்படுகின்றது. அத்தகையவர் அயல்நாடாகிய இந்தியாவில் வாழ்ந்தார். நமது பயிற்றுநர்களைப் போலவே அவரும் ஒரு பாடசாலை ஆசிரியர். ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். ரஹீம் சாஹிப் என்று வீரர்கள் மரியாதையுடன் அழைத்த அவர், 1950 முதல் 1963 இல் மறையும் வரை இந்திய உதைபந்தாட்டத்தின் தலைமைப் பயிற்றுநராக விளங்கினார்.

ஆசிரியரின் மைதானம்

1909 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் திகதி பிறந்த ரஹீம், ஐதராபாத் ஒஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று அதன் அணிக்காக ஆடியவர். பட்டம் பெற்றபின் நகரின் பாடசாலைகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியிலும் தகைமை பெற்றார். 1940 களின் தொடக்கத்தில் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும், ஐதராபாத் நகரப் பொலிஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரை வந்தடைந்தன.

பிழையைத் திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் பயிற்சிக் கணக்குகளை உருவாக்குவது போல, அவர் போட்டிகளையே பாடங்களாக மாற்றினார். பந்தைத் தனியே கடத்திச் செல்லக்கூடாது என்ற விதியுடன் இளைஞருக்கெனச் சுற்றுப்போட்டிகளை நடத்தினார். அவற்றில் பந்து வந்தவுடன் சகவீரருக்குக் கொடுத்தேயாக வேண்டும். பலம் குன்றிய காலினால் மாத்திரமே ஆடவேண்டிய போட்டிகளையும் ஒழுங்குசெய்தார். வலதுகாற்காரர் இடதுகாலைப் பழக்கிக்கொள்ள இதைவிடச் சிறந்த வழி வேறில்லை. பணச்செலவு ஏதுமற்ற இம்முறைகளை இன்றும் நமது எந்தப் பாடசாலையும் பின்பற்றலாம்.

இதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1950 முதல் 1954 வரை தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை ஐதராபாத் நகரப் பொலிஸ் அணி வென்றது. டில்லியின் டியூரண்ட் கிண்ணத்தை 1950 இலும் 1954 இலும் தனதாக்கிக்கொண்டது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தை 1956 இலும் 1957 இலும் ஐதராபாத் அணி வென்றது. கல்கத்தாவின் பெருங்கழகங்களே இந்திய உதைபந்தாட்டம் என்றிருந்த நிலையை, தெற்கேயுள்ள ஒரு நகரின் பொலிஸ்காரர்களைக் கொண்டு அந்த ஆசிரியர் மாற்றிக்காட்டினார்.

ஐந்து பெரும் போட்டிகள்

தேசிய அணியுடன் அவர் சென்ற பெரும் போட்டிகளில் ஐந்தின் பெறுபேறுகளை வரிசையாக நோக்குவோம்.

முதலாவது, 1951 இல் டில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டு விழா. இந்தோனேசியாவை 3-0 எனவும், ஆப்கானிஸ்தானை 3-0 எனவும், இறுதிப்போட்டியில் ஈரானை 1-0 எனவும் தோற்கடித்து இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலேனும் விட்டுக்கொடுக்கப்படவில்லை.

இரண்டாவது, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். அங்கு யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்ற கணக்கில் தோல்வியுற்றது. இந்தியாவின் ஒரே கோலை அஹமட் கான் பெற்றார். குளிர் மிகுந்த அந்த மண்ணில் இந்திய வீரர் பலர் காலணியின்றி வெறுங்காலுடன் ஆடினர். முந்திய ஆண்டின் தங்க அணி ஒரே மாலையில் நகைப்புக்கிடமானது.

மூன்றாவது, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக். முதற்சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டமையால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. அங்கு அவுஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களைப் பெற்று, ஒலிம்பிக்கில் அச்சாதனையைப் புரிந்த முதல் ஆசியரானார். எஞ்சிய கோலைப் பெற்றவர் கிருஷ்ணசாமி. ஒலிம்பிக் அரையிறுதியில் ஆடிய முதல் ஆசிய நாடு என்ற பெருமையும் கிட்டியது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 4-1 எனவும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 எனவும் தோல்வியுற்று நான்காம் இடம் பெற்றது. எனினும், நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல்களை அடித்த அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இந்தியாவே முதலில் கோல் பெற்று முன்னிலையில் நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

நான்காவது, 1960 ரோம் ஒலிம்பிக். ஹங்கேரியிடம் 2-1, பெருவிடம் 3-1 எனத் தோல்வி. பிரான்ஸுடன் 1-1 எனச் சமநிலை. ஒரு வெற்றியும் இல்லை.

ஐந்தாவது, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என வென்று, செப்டெம்பர் 4 ஆம் திகதி இறுதிப்போட்டியில் அதே தென்கொரியாவை 2-1 எனத் தோற்கடித்து இந்தியா மீண்டும் தங்கம் பெற்றது.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

இவ்வைந்து போட்டிகளையும் நாம் கூட்டிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கின்றது. ஆடியவை 15 ஆட்டங்கள். வெற்றி 8, தோல்வி 6, சமநிலை 1. பெற்ற கோல்கள் 27. விட்டுக்கொடுத்த கோல்களோ 31. அதாவது, இந்திய உதைபந்தாட்டத்தின் பொற்காலச் சிற்பி என்று போற்றப்படுபவரின் அணி, இப்பெரும் போட்டிகளில் அடித்ததைவிட அதிகமாக வாங்கியிருக்கின்றது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இவரைச் சராசரிப் பயிற்றுநர் என்றே ஒதுக்கிவிடுவார்.

ஆயினும், ஹெல்சிங்கியின் அந்த ஓர் ஆட்டத்தைக் கழித்துப் பாருங்கள். பெற்றவை 26, கொடுத்தவை 21 என்றாகின்றது. ஒரே ஒரு மாலைப்பொழுது ஒரு மனிதரின் மொத்தக் கணக்கையே தலைகீழாக்கிவிட வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதற்காக அத்தோல்வியை மறந்துவிட வேண்டும் என்பதன்று நமது கருத்து. ரஹீம் அதனை மறக்கவில்லை என்பதே அவரது சிறப்பு. ஹெல்சிங்கிக்குப் பின்னர் இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. இரு பின்கள வீரருடன் ஆடும் பழைய முறை கைவிடப்பட்டு, மூவர் கொண்ட தடுப்பு முறை வழக்கிற்கு வந்தது. மெல்பேர்ணின் நான்காம் இடம் ஹெல்சிங்கியின் தோல்வியிலிருந்து முளைத்தது எனலாம்.

ரோமையும் அவ்வாறே நோக்கவேண்டும். வெற்றியற்ற அப்போட்டியில், ஐரோப்பாவின் முன்னணி அணிகளுள் ஒன்றான ஹங்கேரியிடம் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் இந்தியா தோற்றது. அங்கு ஆடியவர்களுள் பலரே இரண்டாண்டுகளின் பின் ஜகார்த்தாவில் தங்கம் வென்றனர். தோல்விப் பட்டியலில் இடம்பெறும் ஒரு பருவம், உண்மையில் அடுத்த பருவத்தின் நாற்றுமேடையாக இருந்துவிடுகின்றது.

மனிதரை இனங்கண்டவர்

எண்களில் அடங்காத இன்னொரு பக்கமும் உண்டு. செக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த துளசிதாஸ் பலராம், வறுமை காரணமாகப் பயிற்சிக்கு ஐதராபாத் வரை செல்ல வழியின்றி இருந்தார். சைக்கிள் வாடகைக்குத் தம் கையிலிருந்து பணம் கொடுத்து அவரை வரவழைத்தவர் ரஹீம். பின்னாளில் பலராமே இதனை நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். ரோமில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராக இந்தியா பெற்ற கோல்கள் இரண்டும் அந்தத் தமிழ் இளைஞரின் காலிலிருந்து வந்தவையே. 2023 இல் மறையும் வரை பலராம் இந்தியாவின் தலைசிறந்த முன்கள வீரருள் ஒருவராக மதிக்கப்பட்டார்.

ஜகார்த்தா இறுதிப்போட்டியில் கோல் காப்பாளராக நின்றவர் பீற்றர் தங்கராஜ். முன்களத்தில் பி. கே. பானர்ஜி, யூசுப் கான், தலைவர் சுனி கோஸ்வாமி, பலராம் ஆகியோர். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் காயமுற்ற பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை, கட்டுடன் முன்களத்துக்கு நகர்த்தினார் ரஹீம். இறுதிப்போட்டியின் இரு கோல்களுள் ஒன்று பானர்ஜியினுடையது, மற்றையது ஜர்னைல் சிங்கினுடையது. இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் என்று பலரும் கலந்திருந்த அந்த அணியில் எவரும் மதத்தாலோ மொழியாலோ இடம்பெறவில்லை. அவர்களைத் தெரிவு செய்தது ஓர் ஆசிரியரின் கண்.

அன்று மைதானத்தில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகவே ஆர்ப்பரித்தது. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்தமையே அதற்குக் காரணம். அக்கூட்டத்தின் நடுவே பாகிஸ்தான் ஹொக்கி அணியினர் இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தனர் என்று இந்திய வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர். அப்போது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது மாதங்களின் பின், 1963 ஜூன் 11 ஆம் திகதி அவர் காலமானார்.

ஆசிய விளையாட்டு விழா உதைபந்தாட்டத்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதேயில்லை. 1970 இல் பாங்கொக்கில் பெற்ற வெண்கலமே ஆண்கள் அணியின் கடைசிப் பதக்கம். பயிற்றுநர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985 இல்தான் ஏற்படுத்தப்பட்டது. 2024 இல் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் வெளிவந்த பின்னரே பெரும்பாலான இந்தியர் அவரது பெயரை அறிந்தனர் என்பது வருந்தத்தக்கது.

நமது ஏடுகள் எங்கே?

ரஹீமின் புகழ் மங்கினும் அவரது கணக்கு அழியவில்லை. எந்த ஆண்டில், எந்த நாட்டுடன், எத்தனை கோல் என்பதை அறுபது ஆண்டுகள் கடந்தும் நம்மால் கூட்டிப் பார்க்க முடிகின்றது. சண்டிலிப்பாயிலோ பண்டத்தரிப்பிலோ இருபது முப்பது ஆண்டுகள் பிள்ளைகளைப் பழக்கிய ஒரு விளையாட்டு ஆசிரியரின் கணக்கை இன்று நம்மால் அவ்வாறு கூட்ட முடியுமா?

முடியாமைக்குக் காரணங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் கையில் அகப்பட்டதுடன் புறப்பட்டனர். ஒஸ்மானியாக் கல்லூரி மாணவரின்றி மூடிக்கிடந்து, பல ஆண்டுகளின் பின்னரே மீளத் திறந்தது. வலிகாமம் வடக்கின் பாடசாலைகள் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சி நோக்கி நடந்தது. உயிரைக் காக்க ஓடியவர்கள் கோல் கணக்கு எழுதிய கொப்பிகளைக் காவிச் செல்லவில்லை. இரு சமூகத்தவரும் இவ்விழப்பில் ஒத்தவர்களே.

ஆனால் போர் முடிந்தது 2009 இல். அதன் பின்னரான பருவங்களின் பதிவுகளும் இல்லையெனில், அதற்குப் போரைக் காரணம் காட்ட முடியாது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு பதிவேட்டைத் திறக்கலாம். ஆண்டு, வயதுப் பிரிவு, எதிரணி, பெறுபேறு, ஆடிய பிள்ளைகள், பயிற்றுவித்தவர் ஆகிய விபரங்கள் போதும். முதிய பழைய மாணவர்கள் உயிருடன் இருக்கும்போதே பழைய பருவங்களின் நினைவுகளையும் கேட்டு எழுதிவிடலாம். புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் வாழும் யாழ்ப்பாண முஸ்லிம்களிடமும், கனடாவிலும் இலண்டனிலும் வாழும் வலிகாமத்தாரிடமும் அக்கால அணிகளின் படங்கள் ஒன்றிரண்டேனும் இருக்கக்கூடும்.

அவ்வேட்டில் தோல்விகளையும் மறைக்காமல் எழுதவேண்டும். பத்துக்கு ஒன்று என்ற தோல்வி எழுதப்பட்டிருப்பதனாலேயே ரஹீமின் தங்கத்தின் பெறுமதி நமக்கு விளங்குகின்றது. இவ்வாண்டு வலயப் போட்டியில் தோற்றுத் திரும்பும் பயிற்றுநரைப் பழிக்கும் முன்னர், அவரது முந்திய பருவங்களையும், அவர் பழக்கிய பிள்ளைகள் இன்று எங்கே நிற்கின்றனர் என்பதையும் ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். அதற்கு நம்மிடம் முதலில் ஓர் ஏடு இருக்கவேண்டும்.