வித்தும் நிலமும்: மகப்பேறின்மை பற்றிய ஒரு விளக்கம்

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேற்றின் சிறப்பைக் கூறுவது. பரிமேலழகர் அதற்குப் 'புதல்வரைப் பெறுதல்' எனத் தலைப்பிட்டு உரை கண்டார். பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாட்டும் (188) மக்களின்றி வாழும் வாழ்வின் வெறுமையைப் பேசுகிறது. இத்தகைய மரபில் வந்த சமுதாயத்தில் குழந்தையின்மை பெருங்குறையாகக் கருதப்பட்டதில் வியப்பில்லை. அக்குறைக்குரிய பழி முழுவதும் மனைவியின்மேல் மட்டுமே விழுந்தது ஏன் என்பதே ஆராய்தற்குரியது.

சொல் காட்டும் செய்தி

'மலடு' என்னும் சொல் பயன் தராமையைக் குறிப்பது. ஈனாத பசுவை மலட்டுப் பசு என்கிறோம். தென்பெண்ணையிலிருந்து பிரியும் ஓர் ஆற்றுக்கு மலட்டாறு என்றே பெயர். 'மலடன்' என்னும் ஆண்பாற் சொல்லும் அகராதியில் உண்டு. ஆயினும் நாட்டு வழக்கில் நிலைத்தது 'மலடி' என்பதே. அகராதி இருவரையும் சுட்ட, வழக்கு ஒருத்தியையே சுட்டிற்று.

இதன் அடியில் ஒரு பழைய உவமை கிடக்கிறது. ஆண் வித்து, பெண் நிலம் என்பது அது. விளைந்தால் வித்தின் பெருமை. விளையாவிட்டால் நிலத்தின் குற்றம். இவ்வெண்ணம் தமிழர்க்கே உரியதன்று. வடமொழி அறநூல்களும் வித்தையும் வயலையும் வைத்தே பேசின. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், ஆண் உருவைத் தருகிறான், பெண் பொருளை மட்டும் தருகிறாள் என்றார். 1677-இல் லேவன்ஹூக் உருப்பெருக்கியில் விந்தணுக்களைக் கண்டபின்னும் மயக்கம் தீரவில்லை. ஒரு விந்தணுவுக்குள் சிறு மனித உருவம் குந்தியிருப்பதுபோல் 1694-இல் ஹார்ட்சோக்கர் படமே வரைந்து காட்டினார்!

பாலூட்டிகளின் கருமுட்டையை வான் பேயர் கண்டறிந்து வெளியிட்டது 1827-இல்தான். 1876-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றுசேர்வதை நேரிற் கண்டார். மனிதரில் தந்தையின் அணு 23 நிறப்புரிகளையும் தாயின் முட்டை 23 நிறப்புரிகளையும் கொண்டுவருகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே பெண் வெறும் நிலமல்லள். அவளும் வித்தின் பாதியைத் தருபவள். பேற்றில் இருவர்க்கும் பங்குண்டு எனின், பேறின்மையிலும் இருவர்க்கும் பங்கிருத்தல் இயல்பே.

மலாக்கா மண் அறிந்த பாடம்

பழைய உவமையையே ஏற்றுக்கொண்டாலும் நிலத்தை மட்டும் பழித்தல் பொருந்தாது. இதனை மலாக்காவினும் நன்கறிந்த மண் வேறில்லை. 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அதுவே. அந்த ரப்பரின் மூலம், 1876-இல் பிரேசிலிலிருந்து விக்கம் கொண்டுவந்த வித்துகள். இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் விதைக்கப்பட்ட ஏறத்தாழ 70,000 வித்துகளுள் முளைத்தவை 2,700 அளவே. ஒரே மண்ணில் ஒரே பராமரிப்பில் இருந்தும் மற்றவை முளைக்கவில்லை. ரப்பர் வித்து விரைவில் உயிர்ப்பை இழப்பது என்பதே காரணம். நாற்றுமேடை கண்ட தோட்டத்தார் முளையாத வித்தை ஐயுறத் தயங்கியதில்லை. இல்வாழ்க்கையில் மட்டும் அவ்வையம் எழவில்லை.

பிள்ளையில்லாத மனைவியே நோன்பிருந்தாள். அவளே மந்திரித்த கயிறு கட்டினாள். மாசிமகத்தன்று செங்கிலுள்ள சன்னாசிமலைக்கு நேர்ந்துகொண்டு செல்வோருள் குழந்தை வரம் வேண்டுவோரும் உண்டு. வழிபாடு மனத்திற்கு உறுதி தருவது. அதனை எவரும் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் 'வேறு பெண் பார்க்கலாம்' என்ற பேச்சு, கணவனைச் சோதிக்காமலேயே பல வீடுகளில் எழுந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்து, முஸ்லிமல்லாதார் இருதாரம் கொள்வதைத் தடுத்தது. சட்டம் அக்கதவை அடைத்தது; பழிச்சொல்லை அதனால் அடைக்க இயலவில்லை.

குறை எங்கெங்கு?

கருத்தடை ஏதுமின்றி ஓராண்டு முறையாக இல்லறம் நடத்தியும் கருத்தரியாமையே மகப்பேறின்மை என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இதனை எதிர்கொள்வதாக அந்நிறுவனம் 2023-இல் அறிவித்தது. இக்குறையுள்ள இணையருள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறை தனித்தோ, பெண்ணின் குறையோடு சேர்ந்தோ காணப்படுகிறது.

ஆணிடம் விந்தணு எண்ணிக்கையிற் குறையலாம். நீந்தும் ஆற்றல் குன்றலாம். வரும் குழாய் அடைபடலாம். விதைப்பையில் நாளங்கள் புடைத்திருத்தல், பருவமடைந்தபின் வந்த பொன்னுக்குவீங்கி, இனிப்புநீர், புகை, மிகுகுடி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். உடல் பெருக்கப் போட்டுக்கொள்ளும் ஆண்மை ஊசியும் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக் கூடும். கணவனின் உடல்வலிமையோ, இல்லற ஆற்றலோ விந்தணுவின் நலத்தைக் காட்டமாட்டா.

தொழிலும் காரணமாகலாம் என்பதற்கு ஒரு சான்றுண்டு. வேர்ப்புழுவைக் கொல்லும் டிபிசிபி என்னும் மருந்தைச் செய்த கலிபோர்னியத் தொழிற்சாலையொன்றில், தங்களுக்குப் பிள்ளை பிறப்பதில்லையே எனத் தொழிலாளர் தமக்குள் பேசிக்கொண்டனர். 1977-இல் சோதித்தபோது பலரிடம் விந்தணு மிகக் குறைந்தும், சிலரிடம் அறவே இல்லாமலும் இருந்தது. எல்லா மருந்தும் அத்தகையதன்று. எனினும் செம்பனைத் தோட்டத்தில் மருந்து தெளிப்போர், ஆணாயினும் பெண்ணாயினும், தம் தொழிலை மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும்.

பெண்ணிடம் முட்டை மாதந்தோறும் வெளிப்படாமை ஒரு பெருங்காரணம். மாதவிலக்கு தவறித் தவறி வருதலும், முகத்தில் மிகுமுடி தோன்றுதலும் இதன் அறிகுறிகளாகலாம். கருக்குழாய் அடைபடுதல், கருப்பையின் உட்படலம் வெளியே வளர்ந்து மாதந்தோறும் கடுவலி தருதல் என்பனவும் உண்டு. எல்லாம் செவ்வையாயிருந்தும் காரணம் புலப்படாத இணையரும் உளர்.

சோதனையின் ஒழுங்கு

மனைவிக்கு 35 வயதுக்குட்பட்டால் ஓராண்டும், அதற்கு மேற்பட்டால் ஆறு மாதமும் பார்த்தபின் மருத்துவரை நாடுதல் முறை. மாதவிலக்குச் சீரின்றி இருப்பின் காத்திருத்தல் வேண்டா. பெண் பிறக்கும்போதே அவளுக்குரிய முட்டைகள் அமைந்துவிடுகின்றன. ஆண்டு செல்லச் செல்ல அவை குறையும். முப்பதுகளின் பிற்பகுதியில் இக்குறைவு விரைகிறது. பரிகாரத்திலும் தயக்கத்திலும் கழியும் ஐந்தாண்டை எம்மருந்தும் மீட்டுத் தராது.

முதற் சோதனைகளுள் எளிதானது கணவனுடையதே. இரண்டு முதல் ஏழு நாள் உறவு நீக்கியபின் விந்தைக் கலத்தில் எடுத்துத் தந்தால் போதும்; ஊசியுமில்லை, வலியுமில்லை. குறை தோன்றினால் சில வாரம் கழித்து மீண்டும் பார்ப்பர். மனைவிக்கு இரத்தச் சோதனை, ஒலியலைப் படம், தேவையாயின் கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்பன தொடரும். எளியதை விடுத்துக் கடியதை முதலிற் செய்வது, மனைவியை மட்டும் அனுப்புவதன் விளைவு.

மருத்துவத்தின் வழிகள்

பலர்க்கு முட்டையை வெளிப்படுத்தும் மாத்திரையே பயன்படும். சிலர்க்குக் கணவனின் விந்தைத் தூய்மை செய்து கருப்பையில் செலுத்துவர். அதுவும் பயன்படாவிடின் முட்டையை வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, கருப்பையில் வைப்பர். இம்முறையில் பிறந்த முதற்குழந்தை லூயிஸ் பிரௌன், 1978 சூலை 25-இல் இங்கிலாந்தில் தோன்றினார். அதே ஆண்டு அக்டோபர் 3-இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண்மகவு பிறந்தது. அவர் கூற்றை அந்நாளில் அரசின் குழு ஏற்கவில்லை. அவர் மறைந்து நெடுநாள் கழித்தே பெருமை வந்து சேர்ந்தது. சென்னையில் 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜ் இதில் வெற்றி கண்டார். 1992-இல் பிரசல்ஸ் அறிஞர் ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் முறையை அறிவித்தபின், விந்தணு மிகக் குறைந்த ஆடவர்க்கும் வழி பிறந்தது. எனினும் ஒவ்வொரு முயற்சியும் பலிப்பதில்லை. வயது ஏறப் பலிக்கும் வாய்ப்புக் குறையும். செலவையும் வாய்ப்பையும் முன்னரே கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

சாசின், அலோர் காஜா, டுரியான் துங்கால் ஆகிய ஊர்களில் வாழ்வோர் அண்மை அரசு கிளினிக்கில் தொடங்கலாம். அங்குப் பெறும் கடிதத்துடன் மலாக்கா மருத்துவமனையின் மகப்பேற்று நிபுணரைக் காணலாம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் நூர் செஜாத்ரா கிளினிக்குகளும் இத்துறையில் ஆலோசனை தருகின்றன. தனியார் மருத்துவத்தின் செலவுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து விதிக்குட்பட்டுப் பணம் எடுக்க இடமுண்டு. மணமானோர்க்கு வருமான வரிச் சலுகையும் உண்டு. எம்முயற்சியும் கைகூடாதார்க்குச் சட்டப்படி பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கும் வழியும் திறந்தே இருக்கிறது.

தோட்டப்புறத்தில் கடிதம் படிக்கவும் மனு எழுதவும் மக்கள் தமிழாசிரியரையே நாடினர். தோட்டம் விட்டு நகர் சேர்ந்த குடும்பங்களிலும் அம்மதிப்பு மாறிவிடவில்லை. பிள்ளையில்லாத் துயரோடு ஒருவர் வந்து பேசுவாராயின், 'இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுங்கள். காலம் தாழ்த்தாதீர்கள்' என்று சொல்லுதல் ஆசிரியர்க்கு எளிது. கணவன் ஒருநாள் வேலைக்கு விடுப்பெடுத்து மனைவியுடன் செல்வானாயின், அவள் தனித்துச் சுமந்த பழி அன்றே பாதியாய்க் குறையும்.