ஸ்பீக்கரை வாங்குவது கண்ணா, காதா?

லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களைக் கடையில் அடுத்தடுத்துக் கேட்கிறீர்கள். இரண்டாவது ஜோடியில் பாட்டு இன்னும் தெளிவாக, நிறைவாக இருப்பதாகத் தோன்றுகிறது. பாராட்டும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சத்தமும் கொஞ்சம் கூடியிருந்ததா? ஒரு டெசிபல் கூடினாலே போதும். காது அதைச் சத்தமாக எடுத்துக்கொள்ளாது. தரம் என்று நினைத்துக்கொள்ளும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரே அளவு ஒலிப்பதில்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் தொடாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றிக் காட்டினால், அந்த ஒப்பீடு செல்லாது.

எவ்வளவு வேறுபாடு வரும்? 1946-இல் அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன், அறை மூலையில் நிற்கும் பெரிய கூம்பு ஸ்பீக்கர். மூலையின் இரு சுவர்களையும் தன் கூம்பின் தொடர்ச்சியாகவே பயன்படுத்திக்கொள்ளும். அதன் உணர்திறன், அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எழுப்பும் ஒலியின் அளவு, சுமார் 105 டெசிபல். மறுபுறம், 1970-களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஓரடி உயரச் சிறு பெட்டி. அதன் உணர்திறன் 83-ஐ ஒட்டியது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். அந்தக் கணக்கில், கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டில் தரும் சத்தத்தை அந்தச் சிறு பெட்டியிடம் கேட்டால் நூறு வாட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டும். அதைத் தாங்க அதனால் முடியாது என்பது வேறு விஷயம். ஆனாலும் பேச்சுக் குரலுக்கு இன்றும் அந்தப் பெட்டியைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. உணர்திறன் தரத்தின் அளவுகோல் இல்லை. எந்த ஆம்ப்ளிஃபயர் போதும் என்பதைச் சொல்லும் எண், அவ்வளவுதான்.

அந்த எண்ணைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் அளக்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரின் எண் 3 டெசிபல் தூக்கலாகத் தெரியும். விளம்பரத் தாளில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

அடுத்த எதிரி நம் கண். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், பிறகு ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். அங்கே சக ஆய்வாளர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து செய்து 1994-இல் வெளியிட்ட சோதனையில், அதே கேட்பவர்களுக்கு அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தும் கண்முன் வைத்தும் ஒலிக்கச் செய்தார்கள். கண்ணில் பட்டவுடன் மதிப்பெண்கள் மாறின. பெரிய, அழகான பெட்டிகள் ஏறின. மலிவான சின்னஞ்சிறு அமைப்பு இறங்கியது. பியானோ கருப்பு மெருகும் வால்நட் மரமும் செய்கிற வேலை இதுதான். திரை போட்டுக் கேட்டபோது பெரும்பாலோர் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள் என்பது அதைவிட முக்கியமான முடிவு. அப்படிப்பட்ட ஸ்பீக்கரில் நேர் எதிரில் எல்லா அதிர்வெண்களும் சமமாக வரவேண்டும். பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே குணத்தோடு சீராகக் குறைய வேண்டும். பக்கவாட்டு ஒலி ஏன் என்றால், வீட்டில் நாம் கேட்பதில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் திரும்பி வருவது. கடையில் இதைச் சோதிப்பது எளிது. ஒரு குரலை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாக நடந்து பாருங்கள். பாடுகிறவர் வேறு ஆளாக மாறிவிட்டதுபோல் தோன்றினால் அந்த ஜோடி வேண்டாம்.

இனி அறை. என்னைக் கேட்டால், பட்ஜெட்டுக்கும் முன்னால் பேச வேண்டியது இதுதான். 15 அடி நீள ஹாலில் சுமார் 38 ஹெர்ட்ஸ் ஒலி நீளவாக்கில் எதிரொலித்துப் பெருகும். 12 அடி அகலத்தில் 47 ஹெர்ட்ஸ் பெருகும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சதுர அறை இன்னும் மோசம், இரண்டு பெருக்கங்களும் ஒரே அதிர்வெண்ணில் விழும். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், மேலே கான்கிரீட் கூரை. பேஸ் தப்பி ஓட இடமே இல்லை. அப்படிப்பட்ட ஹாலில் 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஆளுயர ஸ்பீக்கரை நிறுத்தினால் கேட்பது இசையாக இராது, முழக்கமாகவே இருக்கும். அதே பணத்தில் ஸ்டாண்டில் நிற்கும் நல்ல சிறு ஜோடி, ஒரு தடித்த விரிப்பு, கனமான திரைச்சீலைகள், புத்தகங்கள் நிறைந்த ஓர் அலமாரி இவற்றை வாங்குகிறவர் நிம்மதியாகக் கேட்பார். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்தாலும், நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்தினாலும் பேஸ் தலைகீழாக மாறும். இதற்குச் செலவே இல்லை. பிரிட்டனின் குவாட் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த எலக்ட்ரோஸ்டேடிக் வகையோ பெட்டியே இல்லாத மெல்லிய சவ்வு. முன்னும் பின்னும் ஒலிக்கும் அதற்குப் பின்னால் தாராளமான இடம் வேண்டும். குரலுக்கு அற்புதம், தவிலுக்கு இல்லை.

கேபிள் பற்றி ஒரு வரி போதும்: தடிமன் சரியாக இருந்தால் மேற்கொண்டு செலவழிக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு அத்துப்படியான பாட்டுகளையே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பெண்குரல், கிட்டார் பதிவுகள் எந்த ஸ்பீக்கரிலும் இனிக்கும். பிபிசி பொறியாளர்கள் அடுத்த அறையில் ஒருவரைப் பேசவைத்து, மைக் வழியே ஸ்பீக்கரில் வரும் குரலையும் நேரில் அவர் குரலையும் ஒப்பிட்டார்கள். நாமும் வீட்டிலுள்ள ஒருவரின் பேச்சை நல்ல மைக்கில் பதிவு செய்து எடுத்துப் போகலாம். தம்புராவும் நல்ல சோதனை, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமும். சத்தத்தைச் சமப்படுத்தக் கைப்பேசியில் உள்ள ஒலி அளவிச் செயலியே போதும். அதன் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், இரண்டு ஜோடியையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தால் காரியம் முடிந்தது. சில நாள் வீட்டில் வைத்துக் கேட்கத் தருவார்களா என்று கேளுங்கள். இந்த விலையில் அது நியாயமான கோரிக்கை.

பழைய ஜோடி வாங்குகிறீர்களா? முன்வலையைக் கழற்றி, வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். ரப்பராக இருந்தால் பொதுவாகப் பயமில்லை. நுரையாக இருந்தால், நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் அது வேகமாகவே மக்கிப்போகும். விரலால் மெல்லத் தொட்டாலே பொடியாக உதிரும். வளையத்தை மட்டும் மாற்றித் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்தச் செலவை விசாரித்து வைத்துக்கொண்டு, பிறகு விலை பேசுங்கள்.