திரை விலகுமுன் நடப்பது தந்திரம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவன் கோயில். காலைச் சந்திப் பூசைக்கு ஏழெட்டுப் பேர் காத்து நிற்கிறோம். திரை போட்டிருக்கிறது. உள்ளேயிருந்து மணிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. தண்ணீர் சொட்டும் ஒலி, விரல் சொடுக்கும் ஒலி, வாய்க்குள்ளேயே ஓடும் மந்திரம். திரை விலகுகிறது. தீபாராதனை. கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு அவரவர் வேலைக்குக் கிளம்புகிறோம்.

அன்று எல்லோரும் போன பிறகு வயதான குருக்களிடம் கேட்டேன். "திரைக்குப் பின்னால இவ்வளவு நேரம் என்ன சாமி செய்யறீங்க?"

"பூசையில முக்கால்வாசி அங்கதான் தம்பி. நீங்க வெளியில பாக்கறது கடைசிப் படி" என்றார்.

அந்த முக்கால்வாசிக்குப் பெயர் தந்திரம். கேட்டதும் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். தந்திரம் என்றால் மண்டையோடு, சுடுகாடு, பில்லி சூனியம் என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. "தந்திரக்காரன்" என்று ஒருவரைச் சொன்னால் அது வசவு. ஆனால் நாம் வாரம் தவறாமல் போய் வரும் கோயிலின் கருவறையில் நாள்தோறும் நடப்பது அதே பெயருடைய சாதனைதான்.

நூல் என்றாலும் தந்திரம் என்றாலும்

வடமொழியில் தந்திரம் என்பதற்குத் தறி என்றும் பாவு என்றும் பொருள் உண்டு. சாத்திர நூல் என்றும் பொருள் உண்டு. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் துணி தைக்கும் இழையையும் நூல் என்கிறோம், படிக்கும் புத்தகத்தையும் நூல் என்கிறோம். இழை இழையாகக் கோத்து ஒழுங்குபடுத்திய அறிவு என்பதே இரண்டு சொற்களுக்கும் அடியில் உள்ள எண்ணம்.

திருமூலர் இந்தப் பொருளில்தான் அச்சொல்லை எடுத்தார். மூவாயிரம் பாடல்கள் கொண்ட திருமந்திரத்தை 9 தந்திரங்களாகப் பகுத்தார். மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பேசுகிறது. நான்காம் தந்திரம் திருவம்பலச் சக்கரம், நவாக்கரி சக்கரம், வயிரவி மந்திரம் என்று சக்கரங்களையும் மந்திரங்களையும் வரிசையாகச் சொல்கிறது. பன்னிரு திருமுறைகளில் பத்தாவதாக வைத்துப் போற்றப்படும் நூல் இது. தந்திரம் தமிழுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சங்கதி என்று நினைப்பவர்கள் நான்காம் தந்திரத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

சைவர்களின் 28 மூல ஆகமங்களும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஆகமம், தந்திரம் என்ற இரு சொற்களையும் பழைய நூல்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு பாதங்களாக ஆகமம் வழி சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டில் வாழ்ந்த அகோர சிவாசாரியார் எழுதிய 'கிரியாக்கிரமத்யோதிகா' இன்றும் தமிழகச் சிவாலயப் பூசைகளுக்குக் கைந்நூல். புதுச்சேரியில் காக்கப்படும் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஏறத்தாழ 11,000 சுவடிகள். அவற்றில் பெரும்பகுதி ஆகமமும் பூசை முறையும்தான்.

சிவமாகித்தான் சிவபூசை

திரைக்குப் பின்னால் நடப்பதைக் குருக்கள் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். மொத்தம் ஐந்து சுத்தி: ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி. பூசை செய்பவர், இடம், பொருள்கள், மந்திரம், இலிங்கம் என்ற வரிசை. பூசை செய்பவர் தம்மைச் சுத்தி செய்துகொள்வதுதான் முதலில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதில் ஒரு பகுதி பூதசுத்தி. கண்ணை மூடி மூச்சை அடக்கி, தன் உயிரை உச்சந்தலைக்குப் பன்னிரண்டு விரற்கடை மேலே, துவாதசாந்தத்தில் கொண்டுபோய் நிறுத்துவதாகப் பாவிக்க வேண்டும். பிறகு உடம்பில் உள்ள மண் நீரில் ஒடுங்குகிறது. நீர் நெருப்பிலும், நெருப்பு காற்றிலும், காற்று வெளியிலும் ஒடுங்குகின்றன. பழைய உடம்பு தீயில் எரிகிறது. மேலிருந்து அமுதம் பொழிந்து புதிய உடம்பு உருவாகிறது. உயிர் அதில் இறங்குகிறது. உட்கார்ந்த இடத்தில் ஒருவர் செத்துப் பிறக்கிறார்.

அடுத்தது நியாசம். கட்டைவிரல் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஒவ்வொரு விரலிலும் ஒவ்வொரு மந்திரத்தைத் தொட்டு வைப்பது கரநியாசம். இதயம், தலை, குடுமி, கவசம், கண் என்று தொட்டு, கடைசியில் அஸ்திர மந்திரத்தோடு விரல் சொடுக்கித் திசைகளைக் கட்டுவது அங்கநியாசம். வெளியில் நின்ற எனக்குக் கேட்ட சொடுக்கு அதுதான். அதன் பிறகு இதயத்தில் பூசை, நாபியில் ஓமம், புருவ மத்தியில் தியானம் என்று முழுப் பூசையும் உள்ளுக்குள்ளேயே ஒருமுறை நடந்து முடிகிறது. அதற்கப்புறம்தான் சங்கு நிரப்புவது, மணி அடிப்பது, பூ எடுப்பது எல்லாம்.

சிவமாக ஆனவரே சிவனைப் பூசிக்கத் தக்கவர் என்பது ஆகமத்தின் அடிப்படை விதி. தந்திரத்தின் உயிர்நாடியும் இதுதான். உடம்பை வெறுத்து ஒதுக்கிவிட்டு இறைவனைத் தேடு என்று வேறு சில மார்க்கங்கள் சொல்கின்றன. இந்த மூச்சு, இந்தக் குரல், இந்த விரல்கள் இவற்றையே ஏணியாக்கு என்கிறது தந்திரம். உடம்பை ஒருகாலத்தில் இழுக்கென்று நினைத்திருந்த தாம், அதற்குள் இறைவன் கோயில் கொண்டதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் சொல்வதும் இந்த அனுபவத்தைத்தான்.

43 முக்கோணங்களும் ஒரு புள்ளியும்

கோயிலை விட்டு வீட்டுப் பூசையறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆழ வேரோடிய இன்னொரு தந்திர மரபு ஸ்ரீவித்யை. அதன் மையம் ஸ்ரீசக்கரம்.

செப்புத் தகட்டில் வரைந்த ஒரு ஸ்ரீசக்கரத்தை உற்றுப் பாருங்கள். மேல் நோக்கிய 4 முக்கோணங்கள் சிவம். கீழ் நோக்கிய 5 முக்கோணங்கள் சக்தி. ஒன்பதும் ஒன்றையொன்று வெட்டும்போது 43 சிறு முக்கோணங்கள் பிறக்கின்றன. நடுவில் பிந்து என்னும் புள்ளி. சுற்றிலும் எட்டிதழ்த் தாமரை, பதினாறிதழ்த் தாமரை, வெளியே நான்கு வாசல் கொண்ட சதுரக் கோட்டை. வெளிக்கோட்டை முதல் பிந்து வரை ஆவரணங்கள் என்னும் 9 சுற்றுகள். ஒவ்வொன்றிலும் உள்ள தேவியரைப் பெயர் சொல்லிப் பூசித்தபடி உள்ளே உள்ளே போவது நவாவரண பூசை. வலக்கையில் பூ அல்லது அட்சதை. இடக்கையில் அர்க்கியப் பாலில் தோய்த்த இஞ்சித் துண்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பூவும் ஒரு சொட்டும் விழ வேண்டும். மனம் ஒரு நொடி அலைந்தால் வரிசை தப்பிவிடும். மூன்று மணி நேரம் இப்படி உட்கார்ந்து எழுந்தவர் முகத்தில் களைப்புக்குப் பதிலாகத் தெளிவு இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

காஞ்சியில் காமாட்சி அம்மன் முன் உள்ள ஸ்ரீசக்கரத்துக்கே குங்கும அர்ச்சனை நடக்கிறது. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் தாடங்கம் என்னும் காதணி ஸ்ரீசக்கர வடிவானது. அம்மனின் உக்கிரத்தைத் தணிக்க ஆதிசங்கரர் சாத்தியது என்று மரபு சொல்கிறது. லலிதா சகஸ்ரநாமத்துக்கு 'சௌபாக்ய பாஸ்கரம்' என்ற உரை எழுதிய பாஸ்கரராயர் 18-ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில்தான் குடியேறினார். அந்த ஊர் இன்றும் பாஸ்கரராஜபுரம்.

முத்துசுவாமி தீட்சிதர் இந்தப் பூசையை இசையாகவே மாற்றினார். திருவாரூர்க் கமலாம்பாள் மீது ஒன்பது ஆவரணத்துக்கும் ஒவ்வொரு கீர்த்தனை. முன்னால் தோடியில் தியானம், பின்னால் ஸ்ரீராகத்தில் மங்களம். முதல் எட்டும் வடமொழியின் எட்டு வேற்றுமைகளில் வரிசையாக அமைந்தவை. ஆகிரியில் அமைந்த ஒன்பதாவதில் எட்டு வேற்றுமைகளும் ஒன்றாக வருகின்றன. நவராத்திரிக் கச்சேரியில் முதல் ஆவரணக் கீர்த்தனையின் ஆனந்தபைரவி கேட்டுத் தலையாட்டும் நாம், உண்மையில் ஸ்ரீசக்கரத்தின் முதல் வாசலில் நிற்கிறோம்.

ஸ்ரீவித்யையில் பெரும்பாலும் பாலா மந்திரம் முதல் படி. பிறகு பதினைந்து எழுத்துப் பஞ்சதசி, அதன் பின் சோடசி. நம் சித்தர்கள் வாலை என்று கொண்டாடியது இந்தப் பாலாவைத்தான்.

ஆறு பல, கடல் ஒன்று

தந்திரத்தில் ஒரே முறை இல்லை. ஆளுக்குத் தக்க வழி என்பதே அதன் கொள்கை. வைணவத்தில் அது பாஞ்சராத்திரம். திருவரங்கத்துப் பூசை அதன் நூல்களில் ஒன்றான பாரமேசுவர சங்கிதைப்படி நடக்கிறது. கேரளக் கோயில்களில் தலைமைப் பூசகருக்குப் பெயரே தந்திரி. திபெத்தில் அது வஜ்ரயான பௌத்தம்.

காஷ்மீரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அபிநவகுப்தர் 37 ஆகினிகங்களில் (அத்தியாயங்களில்) 'தந்திராலோகம்' எழுதினார். அதே மண்ணின் 'விஞ்ஞான பைரவம்' 112 தாரணைகளை, அதாவது தியான வழிகளைச் சொல்கிறது. மூச்சு உள்ளே போய் வெளியே திரும்பும் இடைவெளி, வீணைத் தந்தியின் நாதம் தேய்ந்து அடங்கும் கணம், நெடுநாள் காணாத உறவினரைக் கண்ட பூரிப்பு, ருசித்துச் சாப்பிடும்போது பொங்கும் இன்பம், விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவேயுள்ள மயக்கம். இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டும் உள்ளே இறங்கலாம் என்கிறது அந்த நூல்.

மறைத்துப் பேசக் கூடாத ஒன்றும் இருக்கிறது. மது, மாமிசம், மீன், முத்திரை, மைதுனம் என்ற ஐந்து மகாரங்களைக் கொண்ட வாம மார்க்கம் இந்த மரபின் உண்மையான கிளை. அருவருப்பு, அச்சம், சாதி கர்வம் என்ற தளைகளை அறுப்பதற்காக, குருவின் கண்காணிப்பில், தகுதி வாய்ந்த மிகச் சிலருக்கு மட்டுமே விதிக்கப்பட்ட சாதனை அது. சமய மார்க்கத்தார் இவற்றை ஏற்காமல் எல்லாவற்றையும் அகப்பூசையாகவே கொண்டார்கள். தட்சிண மார்க்கத்தார் மாற்றுப் பொருள்களை வைத்தார்கள். மேலே சொன்ன இஞ்சித் துண்டு அப்படி வந்ததே. 1861-இல் தட்சிணேசுவரத்துக்கு வந்த பைரவி பிராம்மணி என்ற பெண் துறவியைக் குருவாகக் கொண்டு ராமகிருஷ்ண பரமஹம்சர் தந்திர சாதனைகள் அனைத்தையும் செய்தார். மதுவைத் தொடவில்லை, எல்லாப் பெண்களையும் தாயாகவே கண்டார். பெண்ணைக் குருவாக ஏற்பது இந்த மரபில் புதிதும் இல்லை.

காஞ்சிபுரம் பகுதியிலும் ஒருகாலத்தில் யோகினிகள் என்னும் தந்திர தேவியருக்குக் கோயில் இருந்தது. 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சிலைகள் இன்று சென்னையிலும் லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. கோயில் இருந்த சுவடு இல்லை. நாம் மறந்தவை எத்தனை என்பதற்கு இது ஒரு சாட்சி.

யாரிடம் போகக் கூடாது?

மறதி விட்ட இடத்தில் போலிகள் கடை விரித்துவிட்டார்கள். வசியம், ஏவல், சூனியம், மூன்றே நாளில் பலன் என்று பேருந்து நிலையச் சுவரெல்லாம் விளம்பரம். மேல்நாட்டுச் சந்தையில் தந்திரம் என்றால் காமப் பயிற்சி வகுப்பு. இரண்டும் பேராசையையும் பயத்தையும் காசாக்கும் வியாபாரம். தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் சட்டம் தடுக்கிறது. நோய்க்கு மருத்துவரிடம் போங்கள்.

உண்மையான தந்திரம் தீட்சையில் தொடங்குகிறது. திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்களில் சமயம், விசேடம், நிருவாணம் என்ற தீட்சைகள் இன்றும் வழங்கப்படுகின்றன. சிவபூசை எடுத்துக்கொண்டு, விடிகாலையில் எழுந்து, தம் வீட்டு மூலையில் சத்தமில்லாமல் செய்துவரும் குடும்பஸ்தர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் அற்புதம் வாக்களிப்பதில்லை.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். குரு என்று ஒருவரை ஏற்குமுன் மூன்றைப் பாருங்கள். பலனுக்குக் கெடு சொல்கிறாரா? வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்கிறாரா? பணத்தையோ உடம்பையோ கேட்கிறாரா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். சின்ன மந்திரம் ஒன்றைக் கொடுத்து, தினமும் அதே நேரத்தில் உட்கார் என்று மட்டும் சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

கிளம்பும்போது அந்தக் குருக்களிடம், எத்தனை வருடமாகப் பூசை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அம்பத்தி ரெண்டு வருஷம்" என்றார். "இன்னும் பூதசுத்தி ஒழுங்கா வர்றதுக்குப் பழகிண்டிருக்கேன்."