உங்க ரத்தம்... உங்க பல்லுக்கு!

'பிளேட்லெட்' என்ற வார்த்தையை வட சென்னைக்காரனுக்கு யாரும் புதுசாகச் சொல்லித்தர வேண்டாம். மழைக்காலம் வந்தால் போதும்... டீக்கடை பெஞ்சிலேயே, "மச்சானுக்கு டெங்கு. பிளேட்லெட் நாப்பதாயிரத்துக்கு இறங்கிடுச்சு" என்று ரிப்போர்ட் வாசிப்பார்கள். அதே பிளேட்லெட்டை வைத்து, பல்லைச் சுற்றிக் கரைந்துபோன எலும்பை வளர்க்கிறார்கள் என்று சொன்னால் மட்டும், "இன்னா தலைவா, காலங்காத்தாலயே..?" என்று ஒரு மாதிரி பார்க்கிறார்கள்!

நிஜம்தான் சார். முதலில் நோயைப் பார்த்துவிடுவோம்.

பல் தேய்க்கும்போது நுரை சிவப்பாக வருகிறதா? பிரஷ் மேல் பழி போடாதீர்கள். பல்லோரம் படிந்த அழுக்கு காரையாக இறுகி, ஈறுக்குள் இறங்குகிறது. ஈறு பல்லை விட்டு விலகி, நடுவில் பை மாதிரி ஓர் இடைவெளி. அதற்குள் கிருமிகள் குடித்தனம்! அவற்றோடு உடம்பு போடுகிற சண்டையில், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. அதுதான் வில்லங்கம். சிகரெட் பார்ட்டிகளுக்கு ரத்தம்கூட அவ்வளவாகக் கசியாது. 'நம்ம ஈறு கல்லு மாதிரி' என்று தெம்பாக இருப்பார்கள். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

எண்ணூரில் வேலை பார்க்கும் என் நண்பனும் அப்படித்தான். வயசு முப்பத்திரண்டு. கடைவாய்ப் பல் லேசாக ஆடியது. "புடுங்கிட்டா தொல்லை விட்டுதுடா. லீவும் மிச்சம்" என்றான். எக்ஸ்ரேயில் பார்த்தால், பல்லை ஒட்டி எலும்பில் ஒரு பள்ளம். காப்பாற்றலாம் என்றார் பல் டாக்டர். வைத்தியத்தின் பெயர், பி.ஆர்.எஃப்.

கையிலிருந்து ஒரு குழாய்க்கு சுமார் 10 மில்லி ரத்தம் எடுக்கிறார்கள். மருந்து எதுவும் கலப்பதில்லை. உடனே சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் வைத்து, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று வேகத்தில், 10, 12 நிமிஷம் சுற்றுகிறார்கள். நடுவில் டீ குடிக்கப் போக முடியாது... ரத்தம் உறைந்துவிடும்! நின்றதும் பார்த்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே தெளிந்த நீர், நடுவில் ஜெல்லி மாதிரி ஒரு கட்டி. அந்த ஜெல்லிதான் சரக்கு!

காசிமேட்டுப் பாஷையில் சொன்னால், அது ஒரு வலை. ஃபைப்ரின் என்ற புரத நூலால் ரத்தமே பின்னிக்கொண்ட வலை. அதில் சிக்கிய மீன்கள்தான் பிளேட்லெட்டுகள். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து இதை அடைத்துத் தையல் போடுகிறார்கள். பிளேட்லெட்டுகள் தம்மிடமுள்ள வளர்ச்சிப் பொருட்களை ஒரே நாளில் கொட்டிவிடாமல், நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. 'வேலை இருக்கு, வாங்கப்பா' என்று சுற்றியுள்ள செல்களைக் கூப்பிடுகிற மேஸ்திரி வேலை!

1998-ல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன், பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவைத் தாடை எலும்பு ஆபரேஷனில் பயன்படுத்திக் காட்டினார். அதற்கு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து, பிறகு உறைய வைக்க மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த த்ராம்பின். 2001-ல் பிரான்ஸின் ஜோசப் ஷுக்ரூன், 'எதுவும் வேண்டாம், தானாக உறையட்டும்' என்று விட்டார். பிறந்தது பி.ஆர்.எஃப். 2011-ல் பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆய்வுகளில், ஒன்பது மாதத்தில் எலும்புப் பள்ளம் கிட்டத்தட்ட பாதி நிரம்பியிருந்தது. வெறும் சுத்தம் மட்டும் செய்தவர்களுக்கு நிரம்பியது அதைவிடக் குறைவு.

உடனே துள்ளாதீர்கள். கண்டெய்னர் லாரி ஓடி விழுந்த பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டினால் நிற்கும். ரோடே மொத்தமாகத் தேய்ந்து மட்டமாகிவிட்டால்..? எதில் நிற்கும்? எலும்பும் அப்படித்தான். சுற்றிலும் சுவர் மிச்சமிருக்கிற பள்ளத்துக்குத்தான் இது பலன் தரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், புகை விடாவிட்டாலும் பலன் குறையும். "பல்லா, சிகரெட்டா, முடிவு பண்ணிட்டு வாங்க" என்று டாக்டர் சொன்னதில், நண்பன் இரண்டு நாள் யோசித்து பல்லைத் தேர்ந்தெடுத்தான்!

பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த கோட்டை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. ஈறு நோய்க்குத் தனிப் பிரிவே உண்டு. பல் ஆடிய பிறகு ஓடுவதைவிட, நுரை சிவக்கும்போதே போனால் காரையைச் சுரண்டுவதோடு வேலை முடியலாம். ரத்தம் கொடுக்கவே வேண்டியிருக்காது!