பேதி ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

‘மூத்த மகனுக்கு ஒரு வயதில் கடுமையான வாந்தி, பேதி. மூன்று வயதில் மறுபடியும் வந்தது. இப்போது இரண்டரை மாதக் கைக்குழந்தைக்கும் வந்து நின்றிருக்கிறது. “ஒருதரம் வந்துட்டா உடம்பு பழகிடும், இனி சொட்டு மருந்து எதுக்கு?” என்கிறார் மாமியார். இரண்டாம் தவணையை விட்டுவிடலாமா?’ சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

விட்டுவிடக் கூடாது. காரணம் தெரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டாம், வேலூரிலேயே இருக்கிறது.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை உண்டு. தட்டம்மை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் திரும்பாது. அந்தக் கிருமி உடம்புக்குள் பத்து நாள் போல ஊறி, ரத்தத்தில் பரவிய பிறகே நோயைக் காட்டும். அதற்குள் பழைய எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். வயிற்று வைரஸ் அப்படியில்லை. சிறுகுடலின் உள்தோலில் உட்கார்ந்து, ஒன்றிரண்டு நாளிலேயே வேலையை முடித்துவிடும். அதைத் தடுக்கக் குடலின் மேற்பரப்பிலேயே காவல் இருக்கவேண்டும். அந்தக் காவல் மாதங்கள் போகப்போகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, ஒரே வைரஸில் பல வகைகள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டுக்கு ஊசி போடுகிறோமே, ஏறக்குறைய அதே சங்கடம்தான்.

சிறு குழந்தைகளைப் படுக்கவைக்கும் வயிற்று வைரஸ்களில் முதன்மையானது ரோட்டா. மெக்சிகோவில் 200 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து, 1996-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இரண்டு முறை ரோட்டா தொற்றிய குழந்தைக்கு, அதன்பின் கடுமையான பேதி வரவே இல்லை. உலகமே அதை நம்பியது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர் அதே வேலையை நம் ஊரில் செய்தார்கள். வேலூரின் நெருக்கடியான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை வீடு வீடாகப் போய்க் கவனித்தார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மலத்தைப் பரிசோதித்தார்கள். மூன்று ஆண்டும் முழுதாகத் தொடர்ந்தவர்கள் 373 பேர். 2011-ல் வந்த முடிவு வேறு கதை சொன்னது. ஆறு மாதம் நிறைவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ரோட்டா தொட்டிருந்தது. கண்டுபிடித்த தொற்றுகளில் சுமார் 30 சதவிகிதம்தான் முதல் தொற்று. மீதியெல்லாம் திரும்ப வந்தவை. மூன்று முறை தொற்றிய பிறகும் கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவிகிதம்தான். அதிகம் காணப்பட்ட வகைகூட, ஏற்கெனவே வந்த அதே குழந்தைக்கு மறுபடி வந்தது.

ஆக, ஒவ்வொரு முறையும் உடம்பு கொஞ்சம் கற்றுக்கொள்கிறது, உண்மைதான். ஆனால், அந்தப் பாடத்தைப் பச்சைக் குழந்தை நோயில் கிடந்து கற்றுக்கொள்ள விடுவதுதான் ஆபத்து. அதையே நோயில்லாமல் கற்றுக்கொடுக்கத்தான் சொட்டு மருந்து. இந்தியாவில் உருவான ரோட்டாவேக், 1980-களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சிசுக்களிடம் நோய் எதுவும் காட்டாமல் இருந்த வைரஸிலிருந்து வந்தது. டெல்லி, புனே, வேலூரில் சோதித்ததில், கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குச் சற்று மேல் தடுத்தது. முழுப் பாதுகாப்பு இல்லைதான். இயற்கையாக வந்து போனதும் முழுப் பாதுகாப்பு தருவதில்லையே.

தமிழ்நாட்டில் 2017 முதல் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6, 10, 14-வது வாரங்களில் இதை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பேதி இருக்கும்போது தள்ளிப்போடலாம், நின்றதும் கொடுத்துவிடலாம். நாள் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை; விட்ட தவணையிலிருந்து தொடரலாம். அதோடு, கைக்குழந்தைக்கு வந்தது ரோட்டாதானா என்று பரிசோதித்தவர் யார்? வேறு கிருமியாகவும் இருக்கலாமே!

பெரியவர்களையும் விடாமல் பிடிப்பது நோரோ வைரஸ். 2021-ல் கேரளாவின் வயநாட்டில், கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வந்ததே, அதுதான். 1970-களில் அமெரிக்காவில் தாமாக முன்வந்த 12 பேருக்கு இந்தக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேர் படுத்தார்கள். இரண்டு, மூன்று ஆண்டு கழித்துக் கொடுத்தபோது அதே ஆறு பேரும் மறுபடி படுத்தார்கள். அடுத்த சில வாரங்களுக்குள் அவர்களில் நான்கு பேருக்குத் திரும்பக் கொடுத்தால், ஒருவருக்கு மட்டுமே வந்தது. மற்ற ஆறு பேருக்குக் கடைசிவரை வரவேயில்லை. பிறவியிலேயே சிலருக்கு அந்த வாகு உண்டு. சோதனையில் கொடுத்தது அதிக அளவு. ஊரில் இயல்பாகத் தொற்றுவதை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், பாதுகாப்பு நான்கு முதல் ஒன்பது ஆண்டுவரை நீடிக்கலாம் என்கிறார்கள்.

எனவே, ‘போன வருஷம்தான் வந்துச்சு’ என்று எந்தப் பேதியையும் அலட்சியமாக விடவேண்டாம். முதல்முறை போகும்போதே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கவேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும், 14 நாளும் கொடுக்கவேண்டும். அளவைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாமல் சோர்ந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும்.

வாந்தி எடுத்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் நோரோ போகாது. பிளீச்சிங் பவுடர் வேண்டும். கைக்குச் சானிடைசரை நம்பாமல் சோப்புப் போட்டுக் கழுவுவதே சரி. கன்றுக்குட்டிகளையும் ரோட்டா கழியவைக்கும் என்பதால், மாட்டுக்கொட்டகை வேலை முடித்துக் குழந்தையைத் தூக்கும் முன்பும் அதே சோப்பு. கன்று போட்ட சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட்டால் அந்தக் கன்று பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.