நெல்லின் கழுத்தை முறிக்கும் குலை நோய்

மணவாள நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், சம்பாப் பயிர் முற்றும் நாட்களில் வரப்பில் நடந்து பாருங்கள். மணி பிடித்த கதிர் தலை சாய்ந்திருக்கும். வெளிறி நிமிர்ந்து நிற்கும் கதிர் கண்ணில் பட்டால் அதன் கழுத்தைக் கவனியுங்கள். கழுத்து கறுத்து ஒடிந்திருந்தால் அது குலை நோய். உள்ளே அரிசி இராது; வெறும் பதர்தான்.

1919-இல் தஞ்சை டெல்டாவில் பெருஞ்சேதம் விளைவித்த இந்நோய்க்குக் காரணம் ஒரு பூசணம். கண்ணுக்குத் தெரியாத அதன் வித்து காற்றில் மிதந்து வந்து, பனி படர்ந்த இலையில் ஒட்டிக்கொள்கிறது. ஈரம் பட்டதும் முளைத்து, நுனியில் ஒரு சிறு குமிழை உண்டாக்குகிறது. குமிழுக்குள் கிளிசரால் பெருகுகிறது. உலர்ந்த திராட்சை நீரில் ஊறி உப்புவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதுபோல் குமிழும் நீரை உறிஞ்சுகிறது. உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை உயர்கிறது! அந்த விசையில் ஒரு நுண்ணிய முளை இலையைத் துளைத்து உள்ளே நுழைகிறது. சில நாட்களில் இலையில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றுகின்றன.

இவ்வளவு அழுத்தம் குமிழுக்குள் எப்படி நிலைக்கிறது? அதன் சுவரிலுள்ள மெலனின் என்னும் கருநிறப் பொருளே காரணம். டிரைசைக்ளசோல் என்னும் மருந்து இந்த மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. கருஞ்சுவர் இல்லாத குமிழால் இலையைத் துளைக்க இயலாது. ஆகவே இது வருமுன் காக்கும் மருந்து. கதிர் பதரான பின் தெளிப்பது வீண்.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. புள்ளி கண்ட பயிரைச் சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போடுவோர் பலர். அது பகைவனுக்கு விருந்து வைப்பதாகும். தழைச்சத்து மிகுந்த பயிர் நோய்க்கு எளிதில் இரையாகும். நோய் கண்டதும் யூரியாவை நிறுத்துங்கள். மற்ற காலத்தில் பிரித்துப் பிரித்து இடுங்கள். வரப்பிலுள்ள புற்களை அகற்றுங்கள். அவற்றிலும் பூசணம் தங்கும். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் கலந்து விதைப்பதும் நன்று.

எதிர்ப்புத் திறனுள்ள இரகங்களும் உண்டு. கோயம்புத்தூரில் தெரிந்தெடுத்த கோ 4 இரகத்தை ஆடுதுறை 10 உடன் கலந்து கோ 25, கோ 26 ஆகியவற்றை உருவாக்கினர். ஆனால் பூசணமும் தன்னை மாற்றிக்கொள்ளும். நேற்று தாங்கிய இரகம் நாளை தாங்காமல் போகலாம். எனவே விதை வாங்குமுன் அருகிலுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறிவது நலம்.

பனி பெய்த காலையில் உங்கள் வீட்டு வயலின் இலைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கழுத்து கறுக்குமுன் அந்தக் கண் புள்ளியைக் கண்டுவிட்டால் கதிரைக் காப்பாற்றிவிடலாம்.