கஞ்சி வாங்கிக் குடித்த குருவானவர்

"நாங்களே நிவாரணத்துக்கு வரிசையிலை நிக்கிறம் சுவாமி. எங்களைப் பாத்து ஆர் என்னத்தைப் படிக்கப் போகினம்?"

சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாத குடும்பமொன்றின் தாய், எம்முடன் வந்திருந்த குருவானவரிடம் இப்படிக் கேட்டார். கிறிஸ்தவர்கள் மற்றவர்களுக்கு நன்மாதிரிகையாக வாழவேண்டும் என்று அன்றைய பூசையில் அவர் பிரசங்கித்திருந்தார். அந்தத் தாயின் கேள்வி நியாயமானதே. மாதிரிகை என்றதும் ஆலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவரும், திருவிழாச் செலவைப் பொறுப்பேற்றவருமே எமது நினைவுக்கு வருகின்றனர். கொடுப்பதற்குக் கையில் ஏதும் இல்லாதவன் எதைக் காட்டுவது?

இவ்வேளையில் புனித யோசேவ்வாஸ் அடிகளாரின் வரலாற்றை உங்களுடன் சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறோம்.

1651 இல் கோவாவில் பிறந்த அடிகளார், 1687 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1658 இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பின்னர் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கு இடமிருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக எமது முன்னோர் பூசையின்றி, பாவசங்கீர்த்தனமின்றி வாழ்ந்தனர். ஆகவே அடிகளார் குருவாக வரமுடியவில்லை. கந்தை உடுத்து, பிச்சைக்காரனாக வந்தார். வந்ததும் வயிற்றுளைவில் விழுந்தார். நோய் தொற்றிவிடும் என்று மற்றவர்கள் அஞ்சி ஒதுக்கிய நிலையில், ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியால் உயிர்பிழைத்தார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். இலங்கைக்கு விசுவாசத்தைத் திரும்பக் கொண்டுவந்த மனிதர் இந்த மண்ணில் செய்த முதல் வேலை, கையேந்திக் கஞ்சி வாங்கிக் குடித்ததுதான்.

பின்னர் கழுத்தில் செபமாலையுடன் வீடுவீடாகச் சென்று கத்தோலிக்கரைத் தேடினார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் அங்கிருந்தும் புறப்பட வேண்டியதாயிற்று. புத்தளம் சென்று, 1692 இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேயரின் உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். இடம்பெயர்வு, மாற்றுடை, விசாரணை, காவல். இவை எமக்குப் புதியவை அல்லவே.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அக்காலத்தில் அதற்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். அடிகளாரும் அவரது உறவினரான கார்வாலியோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்று, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தனர். நோயாளி பௌத்தரா, கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. பத்து வருடங்களுக்கு முன்பு தாமே நோயாளியாய் ஒதுக்கப்பட்டுக் கிடந்தவருக்கு, ஒதுக்கப்பட்டவனின் வேதனையை எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். அதுவரை ஐயத்தோடு பார்த்தவர்களும் அவரை மதிக்கத் தொடங்கினர். 1711 ஜனவரி 16 ஆம் திகதி அவர் கண்டியிலேயே இறந்தார்.

1995 ஜனவரி 21 ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார்.

முதலாவது விழா நடந்த அதே 1995 இல், ஒக்டோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். நாமும் நடந்தோம். மாரி மழை தொடங்கிவிட்டது. பாடசாலை ஒன்றின் வகுப்பறையில் பல குடும்பங்களாகத் தங்கியிருந்தபோது, ஒரு குழந்தைக்குக் கடும் வயிற்றோட்டம் கண்டது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் பாய்களை இழுத்து அப்பால் போட்டனர். வெட்கத்துடன் சொல்கிறோம்: அப்படி இழுத்தவர்களில் நாமும் இருந்தோம். முந்தின ஞாயிறுதான் அடிகளாரின் மன்றாட்டைச் சேர்ந்து சொல்லியிருந்தோம்.

அடுத்த வகுப்பறையிலிருந்து ஒரு சைவப் பெண்மணி வந்தார். நெற்றியில் திருநீறு. அந்தக் குடும்பம் வேதக்காரர் என்பது அவருக்குத் தெரியும். ஆறவைத்த தண்ணீரும் உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் கொண்டுவந்து, குழந்தையின் தாயிடம், "நீ கொஞ்சம் படு பிள்ளை, நான் பாக்கிறன்" என்று சொல்லி மடியில் வாங்கிக்கொண்டார். கரண்டி கரண்டியாக விடியும்வரை பருக்கினார். அழுக்குத் துணிகளையும் அவரே கிணற்றிலிருந்து தூரக் கொண்டுபோய்த் துவைத்தார். அவரது குடும்பத்துக்கும் அன்று நிவாரண அரிசிதான்.

குழந்தை தப்பியது. யாரும் யாருக்கும் பிரசங்கம் செய்யவில்லை. மறுநாட் காலையில் எம்மவர் இருவர் எழுந்து, ஈர விறகை ஊதி ஊதி அறையிலிருந்த எல்லோருக்கும் தண்ணீர் கொதிக்க வைத்தனர். இழுத்த பாய்கள் மத்தியானத்துக்குள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.